சத்திரத்துக்கு வெளிப்பூட்டு

பூந்தமல்லியில் வெகுகாலம் ஒரு 'சிறப்பு முகாம்' இருந்தது. காவல் உண்டு, பூட்டு உண்டு. ஜெயில் என்ற பெயர் மட்டும் கிடையாது. இலங்கையிலிருந்து தப்பி வந்த தமிழர்களில் போலீசாரின் சந்தேகத்துக்கு ஆளானவர்களை, 1946-ஆம் வருஷத்து அந்நியர் சட்டத்தைக் காட்டி அங்கே அடைத்து வைத்தார்கள். கோர்ட்டில் ஜாமீன் வாங்கியவனையும் வீட்டுக்கு விடாமல் முகாமுக்குக் கொண்டுபோனதுண்டு. தண்டனை என்றால் இத்தனை வருஷம் என்று கணக்கு இருக்கும். முகாமுக்கு அதுவும் இல்லை.

2025 மே மாதம், தண்டனை முடிந்தும் முகாமில் கிடந்த ஓர் ஈழத்தமிழர், தம்மை நாடு கடத்த வேண்டாமென்று சுப்ரீம் கோர்ட்டை மன்றாடினார். இந்தியா தர்மசத்திரமல்ல என்று பதில் வந்தது. சத்திரத்தில் பூட்டை உள்ளேயிருந்து போட்டுக்கொள்வார்கள். வெளியேயிருந்து பூட்டுகிற சத்திரம் எந்த ஊரில் ஐயா இருக்கிறது?

அவர் குற்றவாளி என்று தீர்ப்பானவர். அவருக்காக நான் வக்காலத்து வாங்கவில்லை. ஒரு குற்றமும் செய்யாதவர்கள் கதையைக் கேளுங்கள். அம்பத்தூரிலிருந்து அதிக தூரமில்லை, புழல் காவாங்கரை முகாம். அதைப்போல் தமிழ்நாட்டில் நூற்றுக்கு மேல். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் வரத் தொடங்கியவர்கள். இன்றும் முகாம்களில் அரை லட்சம் பேருக்கு மேல் இருக்கிறார்கள். 2021-இல் தமிழக அரசு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயரை மாற்றியது, வீடும் கட்டிக் கொடுத்தது. அதில் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அந்த வீட்டில் குடியிருப்பவன் யார் என்று டில்லியைக் கேட்டால், 2003-ஆம் வருஷத்துத் திருத்தத்தைப் புரட்டி, 'சட்டவிரோதக் குடியேறி' என்கிறது. குண்டுக்குப் பயந்து படகேறியவன் பாஸ்போர்ட் ஆபீஸ் திறக்கும்வரை காத்திருந்திருக்க வேண்டுமாம்!

பாகிஸ்தானிலிருந்து வரும் இந்துவுக்கு நீண்டகால விசா உண்டு. 2019-ஆம் வருஷத்துச் சட்டத்தால் குடியுரிமைக்கும் வழி உண்டு. நல்லதுதான், கொடுக்கட்டும். இலங்கைத் தமிழனுக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. 2025 செப்டம்பரில் ஓர் உத்தரவு வந்தது: 2015 ஜனவரி 9 வரை வந்து பதிந்துகொண்டவர்கள் பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லாததற்காகத் தண்டிக்கப்பட மாட்டார்கள். சந்தோஷம். ஆனால் அடிக்கமாட்டேன் என்பது சோறு போடுவதாகுமா? தண்டனையிலிருந்து விலக்கு வேறு, இருப்பதற்கு உரிமை வேறு.

காகிதம் கொடுத்தால் எவனும் திரும்பிப் போகமாட்டான் என்று ஒரு நண்பர் வாதாடினார். போக விரும்புகிறவனுக்கும் இங்கே வெளியேறும் அனுமதி வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. காகிதமில்லாதவன் இருக்கவும் முடியாது, சுலபத்தில் போகவும் முடியாது.

ஒரே முகாமில், ஒரே தாய் வயிற்றில் பிறந்த இரண்டு பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். 1987 ஜூலை முதல் தேதிக்கு முன் பிறந்த அக்காள் சட்டப்படி இந்தியப் பிரஜை. மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022-இல் ஹைகோர்ட்டே உத்தரவிட்டது. அடுத்த வருஷம் பிறந்த தம்பி அந்நியன். அவனுக்கு இப்போது தலை நரைக்கத் தொடங்கியிருக்கும். அவன் விஷயத்தில் டில்லி ஒரு முடிவுக்கு வரும்வரையிலாவது, அவன் இங்கே சட்டப்படி இருக்கிறான் என்று எழுதி முத்திரை குத்திய ஒரு விசாவை அவன் கையில் கொடுக்க என்ன தடை?