கீழ்வீடும் மாடியும்

கொழிஞ்சாம்பாறை முதல் குமுளி வரையிலுள்ள நம்மவர் இல்லங்கள் சிலவற்றில் கீழே ஒரு ரௌட்டரும் மாடியில் மற்றொன்றும் உண்டு. கீழ்வீட்டுக் கணினியின் முகவரி 192.168.1 என்றும், மாடியிலுள்ளது 192.168.2 என்றும் தொடங்கும். இரண்டிலும் இணையம் தடையின்றி வரும். ஆயினும் மாடிக் கணினியிலுள்ள கோப்பைக் கீழிருந்து திறக்க இயலாது. காரணம் யாது?

மாடி ரௌட்டர், உள்ளிருப்போர் கேளாத எதனையும் வெளியிலிருந்து ஏற்பதில்லை. அதனை 'ஆக்சஸ் பாயிண்ட்' முறைக்கு மாற்றினால் இரு தளங்களும் ஒரே சப்நெட்டாகிவிடும். பெரும்பாலோருக்கு இதுவே போதுமென்பது நம் கருத்து.

தனிச் சப்நெட்டே வேண்டுமென்று ரௌட்டரில் வழியமைத்த பின்னரும் கோப்பு திறவாவிடில், மாடிக் கணினியின் விண்டோஸ் ஃபயர்வாலை நோக்குக. கோப்புப் பகிர்வுக்குரிய 445ஆம் போர்ட்டை வீட்டு வலையில் அது தன் சப்நெட்டினருக்கு மட்டுமே திறக்கிறது. 'பிங்'குக்கும் அதே கட்டுப்பாடுதான். மறுமொழி வரவில்லையென்று கம்பியைக் குறைகூறிப் பயனில்லை. கோப்புப் பகிர்வின் உள்வரும் விதியில், 'ஸ்கோப்' பகுதியில், 192.168.1.0/24 என்பதையும் சேர்த்தல் வேண்டும்.

சிலர் சலிப்புற்று ஃபயர்வாலையே அணைத்துவிடுகின்றனர். 445ஐ இணையத்துக்கே திறந்துவிடுவோரும் உளர்! 2017 மே மாதம் 'வான்னாகிரை' என்னும் நச்சுநிரல் பரவியது இந்தப் போர்ட்டின் வழியேதான். மைக்ரோசாஃப்டின் திருத்தம் மார்ச்சிலேயே வந்திருந்தது. எனினும் பாலக்காடு ரயில்வே கோட்ட அலுவலகக் கணினிகள் சிலவும் அதற்கு இரையாயின. அந்நிரல் பற்றிக்கொண்ட 'எஸ்.எம்.பி. 1' என்னும் பழைய பகிர்வு முறை உங்கள் கணினியில் இன்னும் இயங்குமாயின், விதியைத் திருத்துமுன் அதனை நிறுத்திவிடுக.