நூறு ஷில்லிங் காடு

ஞாயிற்றுக்கிழமை காலையில் நைரோபியின் கரூரா காட்டு வாசலில் கூடுகிறவர்களைப் பார்த்தாலே அந்த ஊரின் பாதிக் கதை விளங்கிவிடும். நாயைக் கயிற்றில் பிடித்தபடி தூதரகத்துக்காரர்கள் வருவார்கள். வாடகை சைக்கிளுக்குக் கல்லூரிப் பிள்ளைகள் காத்திருப்பார்கள். தேவாலயத்திலிருந்து நேரே வந்த குடும்பம், பாலிஷ் போட்ட காலணிகளோடு செம்மண் பாதையைத் தயக்கமாகப் பார்த்துக்கொண்டு நிற்கும். உள்ளே சுமார் 1,000 ஹெக்டேர் காடு, ஓர் அருவி, மூங்கில் புதர்கள், ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்த மாவ் மாவ் போராளிகள் ஒளிந்திருந்ததாகச் சொல்லப்படும் குகைகள். கென்யக் குடிமகனுக்குப் பல ஆண்டுகளாக நுழைவுக் கட்டணம் 100 ஷில்லிங்காக இருந்தது.

அந்த 100 ஷில்லிங்கை எப்படிப் புரிந்துகொள்வது என்பதுதான் எனக்குக் கேள்வி. சுற்றுலாக் கையேடுகள் நைரோபியைச் சிங்கமும் வானுயர்ந்த கட்டடமும் ஒரே புகைப்படத்தில் அடங்கும் நகரம் என்று விற்கின்றன. ஆனால், 2019 கணக்கெடுப்பின்படி 44 லட்சம் பேர் வாழும் அந்த நகரத்தில் காலாற நடப்பதற்கு ஒரு மரநிழல் என்பது ஒவ்வொரு முறையும் யாரோ சண்டை போட்டு வாங்கியதாகவே இருந்திருக்கிறது.

1899இல் ரயில்பாதைக் கிடங்காகத் தொடங்கிய ஊர் அது. மசாய் மக்கள் ‘குளிர்ந்த நீர்’ என்று பெயரிட்டிருந்த சதுப்பு நிலத்தின் ஓரத்தில் தண்டவாளக்காரர்கள் கூடாரம் அடித்தார்கள். இன்று காதலர்களும் தேர்வுக்குப் படிக்கும் மாணவர்களும் உட்கார்ந்திருக்கும் நைரோபி மரத்தோட்டம்கூட 1907இல் உல்லாசத்துக்காக உருவானதல்ல. தோப்பு வளர்ப்புக்கு எந்த மரம் தாங்கும் என்று சோதித்துப் பார்த்த இடம். ரயில் எஞ்சின்கள் விறகு தின்ற காலம் அது. மர வளர்ப்பு என்றால் முதலில் எரிபொருள், நிழல் பிற்பாடுதான்.

மேற்கிலும் வடக்கிலும் இருந்த மேட்டு நிலம் வெள்ளையருக்கு, கிழக்கின் சமவெளி ஆப்பிரிக்கத் தொழிலாளருக்கு என்று நகரம் பிரிக்கப்பட்டது. ஆப்பிரிக்க ஆண்கள் ‘கிபாண்டே’ என்ற பதிவுச் சீட்டை உலோகச் சிமிழில் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது. வேலை இல்லாமல் சும்மா உலாவுவதே சந்தேகத்துக்குரிய செயல். இன்றைக்கும் வரைபடத்தை விரித்தால் காடுகளும் தோட்டங்களும் பெரும்பாலும் அதே மேற்கிலும் வடக்கிலும்தான் இருக்கின்றன. நெரிசல் மிகுந்த கிழக்குப் பேட்டைகளில் பச்சை நிறத்தைத் தேடத்தான் வேண்டும்.

விதிவிலக்கு நகர நடுவில் இருக்கிறது. கராச்சியில் பிறந்து, ரயில்பாதை ஒப்பந்தங்களில் பணம் சேர்த்த அலிபாய் முல்லா ஜீவன்ஜி 1906இல் ஊருக்குக் கொடுத்த தோட்டம். கொடுத்த கையோடு விக்டோரியா ராணிக்கு அதில் ஒரு சிலையும் வைத்தார். இடம் சிறியதுதான். ஆனால், மதிய உணவு வேளையில் அங்கே போனால் ஒரு மூலையில் பிரசங்கியார் தொண்டை வறளக் கத்திக்கொண்டிருப்பார். இன்னொரு மூலையில் ‘மக்கள் நாடாளுமன்றம்’ என்று தனக்குத் தானே பெயர் சூட்டிக்கொண்ட கூட்டம் விலைவாசியை அலசிக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் நடுவே, மதியச் சாப்பாட்டுக்குக் காசில்லாத குமாஸ்தா பெஞ்சில் கண்ணயர்ந்திருப்பார். 1991இல் இந்தத் தோட்டத்தைத் தோண்டி அடுக்குமாடி வாகன நிறுத்தம் கட்டத் திட்டம் போட்டார்கள். ஜீவன்ஜியின் பேத்தி சரீனா பட்டேல் முன்னின்று எதிர்த்தார், திட்டம் கைவிடப்பட்டது. நைரோபியின் பசுமை இடங்களில் எது சிறந்தது என்று கேட்டால், யானைக் குட்டியும் ஒட்டகச்சிவிங்கியும் காட்டும் இடங்களையெல்லாம் தள்ளிவிட்டு இந்தப் புழுதித் தோட்டத்தைத்தான் சொல்வேன். உட்கார்ந்திருப்பவரிடம் அங்கே யாரும் காரணம் கேட்பதில்லை.

உஹுரு பூங்காவின் கதை இதைவிடப் பெரியது. ‘உஹுரு’ என்றால் விடுதலை. 1969இல் ஜோமோ கென்யாட்டா திறந்துவைத்த அந்தப் புல்வெளி, ஏழைக் குடும்பங்களின் ஞாயிற்றுக்கிழமை. செயற்கை ஏரியில் படகு, குழந்தைக்கு ஐஸ்கிரீம், கழுத்தில் கேமரா மாட்டிய படக்காரர் எடுத்துத் தரும் ஒரு குடும்பப் படம். 1989இல் ஆளுங்கட்சி அங்கே 60 மாடிக் கோபுரமும் அதிபர் டேனியல் அராப் மோயின் பிரம்மாண்டச் சிலையும் எழுப்பப் புறப்பட்டது. வங்காரி மாத்தாய் என்ற பேராசிரியை கடிதம் கடிதமாக எழுதித் தள்ளினார். நாடாளுமன்றத்தில் அவரை ஏளனம் செய்தார்கள். அவருடைய பசுமைப் பட்டை இயக்கத்தை அலுவலகத்திலிருந்து வெளியேற்றினார்கள். கடைசியில் வெளிநாட்டுப் பணம் பின்வாங்க, கோபுரம் காகிதத்தோடு நின்றது. மூன்றாண்டு கழித்து, 1992இல், அரசியல் கைதிகளின் தாய்மார்கள் அதே பூங்காவின் ஒரு மூலையில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். காவலர்கள் தடியோடு பாய்ந்தபோது சில தாய்மார் ஆடையைக் களைந்து நின்றார்கள். மகன் வயதுள்ளவன் தாயின் நிர்வாணத்தைக் காண்பது சாபம் என்பது அவர்கள் வழக்கு. 2010இல் புதிய அரசியல் சாசனம் நடைமுறைக்கு வந்த விழாவும் இங்கேதான் நடந்தது. படகு விடும் குளத்துக்கும் அரசியல் சாசனத்துக்கும் இடையே நூறு அடிதான் தூரம் என்றால் அது அந்த ஊரில் மிகையாகத் தோன்றாது.

கரூராவில் வேலியே பயிரை மேய்ந்தது. 1932இல் அரசுக் காடாக அறிவிக்கப்பட்ட நிலத்தின் பகுதிகள் 1990களில் வீடு கட்டும் நிறுவனங்களுக்குச் சத்தமில்லாமல் கைமாறின. இத்தனைக்கும் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் உலகத் தலைமையகம் அந்தக் காட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1999 ஜனவரி 8 அன்று மாத்தாய் கன்று நடப் போனபோது அடியாட்கள் அவர் மண்டையைப் பிளந்தார்கள். காவல் நிலையத்தில் புகாருக்குத் தன் ரத்தத்தாலேயே கையெழுத்திட்டார். பல்கலைக்கழக மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில், பொது நிலம் ஒதுக்குவதை மோய் நிறுத்த வேண்டியதாயிற்று. 2004இல் மாத்தாய்க்கு நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. 

காடு தப்பியது; ஆனால் காட்டுக்குள் போக ஆளில்லை. பிணம் கொண்டுவந்து போடும் இடம், வழிப்பறி நடக்கும் இடம் என்றே பத்து ஆண்டுக்கு மேல் அதற்குப் பெயர். தனியே நுழையும் துணிச்சல் எந்தப் பெண்ணுக்கும் இல்லை. 2005 வனச் சட்டம் உள்ளூர் மக்கள் சங்கங்களையும் காட்டு நிர்வாகத்தில் சேர்த்துக்கொள்ள வழி திறந்தது. அதன்படி ‘கரூரா நண்பர்கள்’ சங்கம் வந்தது, மின்வேலி வந்தது, பக்கத்துக் குடிசைப் பகுதி இளைஞர்கள் காவலுக்கு அமர்த்தப்பட்டார்கள், வாசலில் கட்டணமும் வந்தது. இன்று அதிகாலையில் பெண்கள் தனியாக ஓடுகிறார்கள்.

ஆகவே, வேலி என்றாலே விரோதம் என்று முழங்குகிறவர்களோடு என்னால் முழுக்கச் சேர முடியவில்லை. வேலி இல்லாத கரூரா எல்லோருக்கும் திறந்திருந்தது, யாரும் போகவில்லை. கட்டணம் வாங்கிய கரூராவுக்குத்தான் கூட்டம் வந்தது. நாளைக்கு ஒரு அமைச்சர் அதன் ஓரத்தை வெட்டிக் கொடுக்க நினைத்தால் முதலில் எதிரில் நிற்கப்போவது அந்தச் சைக்கிள் பிள்ளைகளும் பாலிஷ் காலணிக் குடும்பமும்தான். நடமாட்டம்தான் காவல். ஆனால், அதே காரணத்தால்தான் கட்டணம் எவ்வளவு என்பது முக்கியமாகிறது. ஒருவருக்கு 100 ஷில்லிங் என்றால் ஐந்து பேர் குடும்பத்துக்கு மட்டாட்டு வேன் கூலி இரு வழிக்கும், ஆளுக்கு ஒரு சோடா, கடைக்குட்டி அழுதால் ஒரு மந்தாசி ரொட்டி என்று கூட்டிப் பார்க்க வேண்டும். அன்றாடக் கூலிக்காரர் வீட்டில் அது மாதத்துக்கு ஒருமுறை தாங்கும். கட்டணம் இரட்டிப்பானால் வருடத்துக்கு ஒருமுறை.

நைரோபி தேசியப் பூங்காவோ வேறு ரகம். 117 சதுர கிலோமீட்டர். 1946இல் வந்த கென்யாவின் முதல் தேசியப் பூங்கா. அதற்காக வாதாடிய மெர்வின் கோவி, ‘பழைய குடியேறி’ என்ற புனைபெயரில் எல்லா விலங்குகளையும் சுட்டுத் தள்ளுங்கள் என்று பத்திரிகைக்குக் குதர்க்கமாகக் கடிதம் எழுதி ஊரைக் கொதிக்க வைத்தார் என்பார்கள். நடுப்பக்கத்தில் எழுதுகிறவர்களுக்குப் பொறாமை தரும் வெற்றி. இந்தப் பூங்காவில்தான் 1989இல் 12 டன் தந்தமும் 2016இல் 105 டன் தந்தமும் கொளுத்தப்பட்டன. அங்கே யானைகள் இல்லை என்பது வேறு விஷயம். சிங்கம் உலவும் இடத்தில் நடக்க விட முடியாது, வண்டி வேண்டும் என்பது நியாயம். ஆனால், வண்டி இல்லாதவர்தான் நைரோபியில் பெரும்பான்மை. வாரக் கடைசியில் நகரத்திலிருந்து வனவிலங்குத் துறை ஓட்டும் பேருந்து ஒன்றுதான் அவர்களுக்குத் துணை. வெளிநாட்டுப் பயணிக்குத் திறந்த கூரை ஜீப்பும், உள்ளூர்ப் பிள்ளைக்குப் பள்ளிச் சுற்றுலா நாளில் ஜன்னலோர இடத்துக்கு அடிபிடியும். இத்தனைக்கும் அதே பூங்காவுக்குள் 6 கிலோமீட்டருக்கும் அதிக தூரத்துக்குத் தூண் நட்டு நைவாஷா ரயில்பாதை போயிருக்கிறது. ரயிலுக்குக் கிடைத்த வழி அன்றாடப் பேருந்துக்குக் கிடைக்காதா என்று கேட்பதில் தப்பில்லை.

மிச்சமிருப்பது ங்கோங் குன்றுகள். காற்றாலைகள் சுழலும் அந்த முகட்டில் ஒருபுறம் நகரம், மறுபுறம் பிளவுப் பள்ளத்தாக்கு. வழிப்பறிக்குப் பயந்து, குழுவாகப் போகிறவர்கள் துப்பாக்கி ஏந்திய காவலரைக் கூலிக்கு அழைத்துப் போவதுண்டு. இறங்கியதும் கரியில் வாட்டிய ஆட்டிறைச்சி. அந்த ‘நியாமா சோமா’ இல்லாவிட்டால் அந்த ஊரில் உல்லாசப் பயணம் முடிந்ததாகவே கணக்கில்லை.

பசுமை எங்கோ மலையில் இருக்கட்டும், சாலையோரத்து மரம் என்ன ஆகும்? 2020இல், 27 கிலோமீட்டர் விரைவுச் சாலைக்காக வையாக்கி வே ஓரத்து முதிய முகுமோ அத்தியை வெட்டப் போனார்கள். கிகுயு மக்கள் வழிபடும் மரம் அது. எதிர்ப்புக் கிளம்பியது, கடைசியில் அதிபர் மாளிகையிலிருந்தே ஆணை வந்து மரம் பிழைத்தது. அதே சாலைக்காக விழுந்த மற்ற மரங்களுக்கு ஆணை எதுவும் வரவில்லை. சுங்கம் கட்டி மேலே பறக்கிறவர்களின் கண்ணில் அந்த அத்தி ஒரு நொடி படும். அதன் கீழே, மட்டாட்டுக்குக் காத்திருப்பவர் நிழலில் நிற்கிறார், கட்டணமில்லாமல்.