உடன்படிக்கையில் நாமும் ஒரு தரப்பு

ஸ்காபரோவில் நடக்கும் தமிழ் விழாக்களில் மங்கல விளக்கு, கனேடியப் பண், தமிழ்த்தாய் வாழ்த்து, அகவணக்கம் என்ற வரிசையில் இப்போது நில ஏற்புரையும் சேர்ந்திருக்கிறது. ஒரு பிள்ளை மேடையேறி, இது மிஸ்ஸிசாகா, சிப்பேவா மக்களின் நிலம், வில்லியம்ஸ் உடன்படிக்கைகளுக்கு உட்பட்டது என்று வாசிக்கிறது. அடுத்து வரவேற்பு நடனம் தொடங்கிவிடுகிறது. அந்த உடன்படிக்கைகளில் என்ன நடந்தது என்ற பேச்சு மண்டபத்தில் எழுவதில்லை. எழ வேண்டும்.

காணி உறுதியின் அருமையை நம்மவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படியானால் இந்த நிலத்தின் உறுதியைப் பார்ப்போம். 1780களின் இறுதியில் பிரித்தானிய அதிகாரிகள் ஒன்ராறியோ ஏரிக்கரை நிலத்தை முதற்குடிகளிடமிருந்து வாங்கியதாகச் சொன்னார்கள். கரையில் சுட்ட துப்பாக்கியின் சத்தம் உள்ளே எவ்வளவு தூரம் கேட்குமோ அவ்வளவு தூரம் என்பதே பேச்சு. அதற்குத் 'துப்பாக்கிச்சூட்டு உடன்படிக்கை' என்ற பெயரே நிலைத்தது. ரொறன்ரோ நிலத்துக்கான 1787ஆம் ஆண்டு உறுதியைப் பின்னர் எடுத்துப் பார்த்தபோது, நிலத்தின் விவரம் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. தலைவர்களின் குலச்சின்னங்கள் வேறு தாள்களில் இடப்பட்டு அதில் ஒட்டப்பட்டிருந்தன. 1805இல் 10 சில்லிங் கொடுத்து அதைச் சரிக்கட்டினார்கள். 1923இல் ஏழு முதற்குடிச் சமூகங்களோடு வில்லியம்ஸ் உடன்படிக்கைகள் கையெழுத்தாயின. வேட்டையாடும் உரிமையையும் மீன்பிடி உரிமையையும் அந்த மக்கள் அவற்றோடு விட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்று அரசு சாதித்தது. பாட்டன் வலைவீசிய ஏரியில் பேரன் மீன்பிடித்தால் வழக்கு. கனேடிய, ஒன்ராறியோ அரசுகள் 1.11 பில்லியன் டொலர் இழப்பீட்டுக்கு இணங்கி மன்னிப்பும் கேட்டது 2018இல்தான்.

"நாங்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்கள். இவர்களுடைய நிலத்தை நாங்களா பறித்தோம்? வதிவிடப் பாடசாலைகளை நாங்களா நடத்தினோம்?" என்று நம்மில் பலர் கேட்பதுண்டு. 1986இல் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழ் அகதிகளின் வழியில் வந்த சமூகம் இதைக் கேட்கும்போது அதில் உண்மையான வலி இருக்கிறது. ஆனாலும் அந்தக் கேள்வியோடு நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

1983இல் தமிழர்கள் தாக்கப்பட்டபோது நான் பிறக்கவேயில்லை, என்னிடம் ஏன் கேட்கிறீர்கள் என்று ஒரு சிங்கள இளைஞர் சொன்னால் நாம் என்ன பதில் சொல்கிறோம்? ஆட்கள் மாறினாலும் அரசு ஒன்றுதான், அதன் குடிமகன் என்ற முறையில் உண்மையைக் கேட்கும் கடமை உனக்கும் உண்டு என்கிறோம். அதே பதில் நமக்கும் பொருந்தும். இன்னொன்றையும் மறக்கக்கூடாது. ஏறத்தாழ 1,50,000 முதற்குடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தாய்மொழி பேசினாலே தண்டித்த வதிவிடப் பாடசாலைகளில் கடைசியானது மூடப்பட்டது 1990களின் இரண்டாம் பாதியில். அப்போது நம்மவர்கள் இந்த நகரத்தில் கடை வைத்து, வீடு வாங்கி, கோயிலும் கட்டிவிட்டார்கள்.

அந்தப் பாடசாலைகளில் காசநோயால் பிள்ளைகள் சாகிறார்கள் என்று அரசின் சொந்த மருத்துவ அதிகாரி பீற்றர் பிரைஸ் 1907இலேயே அறிக்கை எழுதினார், அரசு கேட்கவில்லை. இறந்த பிள்ளைகளில் இதுவரை பதிவானவர்களே 4,000க்கு மேல். 2021இல் கம்லூப்ஸ் வதிவிடப் பாடசாலை வளாகத்தில் நிலத்தடி ராடர் சுமார் 200 இடங்களில் புதைகுழிகளாக இருக்கக்கூடிய குறிகளைக் காட்டியது. அவை இன்னும் தோண்டப்படவில்லை என்பதைப் பிடித்துக்கொண்டு, எதுவுமே நடக்கவில்லை என்று பேசுவோர் பெருகிவருகிறார்கள். செம்மணிப் புதைகுழிகளைப் பற்றி இத்தனை ஆண்டுகள் இதே மறுப்பைக் கேட்ட நாம் அந்தப் பேச்சுக்கு ஒருபோதும் துணைபோகக் கூடாது. கனேடிய நாடாளுமன்றம் 2022 மே மாதத்தில் மே 18ஐத் தமிழ் இனப்படுகொலை நினைவுநாளாக ஏற்றது. அதே அவை அதே ஆண்டு ஒக்ரோபரில் வதிவிடப் பாடசாலைகளில் நடந்ததையும் இனப்படுகொலை என்று ஏற்றது. ஒன்றை ஏந்திக்கொண்டு மற்றதைப் பாராமல் இருப்பது நமக்குத் தகாது.

சட்டப்படியும் நாம் இதில் ஒரு தரப்பு. உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2015இல் முன்வைத்த 94 அழைப்புகளில் கடைசி இரண்டும் புதிதாகக் குடியேறுவோரைப் பற்றியவை. அவற்றில் ஒன்றின்படி 2021இல் குடியுரிமைச் சத்தியப்பிரமாணம் திருத்தப்பட்டது. முதற்குடிகளுடன் செய்த உடன்படிக்கைகள் வழி வந்த உரிமைகளை ஏற்கும் சட்டங்களைக் கைக்கொள்வேன் என்று இன்று ஒவ்வொரு புதுக் குடிமகனும் கையுயர்த்திச் சொல்கிறார்.

இதில் பங்கெடுப்பது நம்மால் முடியாததும் அல்ல. டக்கோட்டா, லக்கோட்டா மக்களை அமெரிக்காவிலிருந்து வந்த அகதிகள் என்று சொல்லி, கனடா அவர்களுக்கு உடன்படிக்கை உரிமைகளை மறுத்துவந்தது. 2024 ஜூலையில் வின்னிபெக்கில் அவர்கள் முன் நின்று அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்ட அமைச்சர், சிறுவயதில் அகதியாக இந்த நாட்டுக்கு வந்த கரி ஆனந்தசங்கரி. தமிழர் ஒருவர் கனடாவில் செய்த பணிகளில் இதற்கு மேலான ஒன்றை எங்களால் எளிதில் நினைக்க முடியவில்லை.

மன்னிப்போடு வேலை முடியவில்லை. வட ஒன்ராறியோவின் நெஸ்கன்ராகா என்ற முதற்குடிச் சமூகத்தில் குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைக்காமல் குடிக்கக் கூடாது என்ற அறிவித்தல் 1995இல் வந்தது. 30 ஆண்டுகள் கடந்தும் அது நீக்கப்படவில்லை. அங்கே பிறந்து வளர்ந்து பிள்ளை பெற்ற தலைமுறை ஒன்று குழாயைத் திறந்து ஒரு கோப்பை தண்ணீர் குடித்ததில்லை. முதற்குடிகளின் குடிநீருக்கான சட்டமூலம் 2025 ஜனவரியில் நாடாளுமன்ற அமர்வு முடித்துவைக்கப்பட்டதோடு காலாவதியானது. அதே ஆண்டு ஜூனில் ஒன்ராறியோ, 'சிறப்புப் பொருளாதார வலயங்களில்' மாகாணச் சட்டங்களையே விலக்கிவைக்க வழிசெய்யும் சட்டத்தை முதற்குடிகளின் எதிர்ப்பை மீறி நிறைவேற்றியது. அரசு கண்வைத்திருக்கும் கனிமப் படுகை நெஸ்கன்ராகா இருக்கும் அதே வட்டாரத்தில் இருக்கிறது. தண்ணீருக்கு வராத அவசரம் சுரங்கத்துக்கு மட்டும் வந்ததை நாம் ஏற்க முடியாது.

ஒன்ராறியோவின் ஆளும் தரப்பில் நம்மவர்கள் இருக்கிறார்கள். நம் வாக்கில்லாமல் ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் வெல்வது கடினம் என்பது எல்லாக் கட்சிகளுக்கும் தெரியும். ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கைக்காக 30 இலட்சம் டொலர் திரட்டிய சமூகம், வில்லியம்ஸ் உடன்படிக்கைகளின் வரலாற்றைத் தமிழில் எழுதி வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளின் பாடத்தில் சேர்க்கலாம். அந்த ஏழு சமூகங்களின் மூத்தவர்களை அழைத்து, விழாவில் ஐந்து நிமிட ஏற்புரைக்குப் பதிலாக ஒரு மணி நேரம் அவர்களைப் பேசவிட்டுக் கேட்கலாம். அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வாசலுக்கு வருபவர் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும், குடிவரவையும் வாகனக் காப்புறுதியையும் பற்றிக் கேட்பதற்கு முன், நெஸ்கன்ராகாவின் குழாயில் எந்த ஆண்டில் குடிநீர் வரும் என்று கேட்போம். திகதி சொல்லாதவருக்கு வாக்கும் சொல்லாதிருப்போம்.