மாலத்தீவு ரிசார்ட்டுன்னா ட்ரே தூக்குறது மட்டுமா?

மில்லர்புரத்துல டிப்ளமா முடிச்ச பையன்கிட்ட மாலத்தீவு ரிசார்ட்டுல வேலை தேடச் சொல்லிப் பாருங்க. "நான் என்ன கேட்டரிங்கா படிச்சேன்?"னு திருப்பிக் கேப்பான்.

1972-ல முதல் ரிசார்ட் குரும்பா வந்ததுலேருந்து அங்க பெரும்பாலும் தீவுக்கு ஒரு ரிசார்ட்தான். வெளியே இருந்து கரண்ட் கம்பி வராது, தண்ணி லாரி வரவே வராது :-) டீசல் ஜெனரேட்டர், கடல்தண்ணியைக் குடிதண்ணியாக்குற ஆர்.ஓ. பிளாண்ட், ஏசி, போட் இன்ஜின்... எல்லாம் தீவுக்குள்ளயே ராப்பகலா ஓடணும். தெர்மல், துறைமுகம், ஐஸ் பிளாண்ட், விசைப்படகுன்னு இருக்கிற நம்ம ஊர்ல இந்த வேலை தெரிஞ்ச ஆளுக்கா பஞ்சம்? இன்ஜினியரிங் பிரிவுக்குன்னே தனியா ஆள் எடுக்கிறாங்க. ரிசார்ட்டோட சொந்த இணையதளத்துலயே பார்க்கலாம்.

ஏஜெண்டுகிட்ட மட்டும் உஷார். "டூரிஸ்ட் விசால போ, அங்க மாத்திக்கலாம்"னு சொன்னா எந்திரிச்சு வந்துருங்க. அந்த விசால வேலை பார்க்கிறது அங்க சட்டவிரோதம். வேலைக்கான அனுமதியை ரிசார்ட்தான் எடுத்துத் தரணும்.

இன்னொண்ணு, நம்ம அரசாங்கத்தோட குடிபெயர்வு அனுமதி தேவைப்படுற நாடுகள் பட்டியல்ல மாலத்தீவு இல்ல. வளைகுடா போறவங்களுக்கு இருக்கிற அந்தச் சோதனை இங்க கிடையாது. ஒப்பந்தத்தை நாமளேதான் வரி வரியா படிக்கணும்.

முக்கியமா அடிப்படைச் சம்பளம். சர்வீஸ் சார்ஜ் பங்கையும் சேர்த்துத்தான் பெரிய தொகையா சொல்வாங்க. 2020 ஜூன்ல, கொரோனா நேரத்துல, ஐ.என்.எஸ். ஜலாஷ்வா மாலேயிலிருந்து 700 பேரை நம்ம துறைமுகத்துல கொண்டாந்து இறக்கிச்சே, ஞாபகம் இருக்கா? விருந்தாளி வரலைன்னா சர்வீஸ் சார்ஜ் ஏது?