ஏரித்தண்ணி எங்க தாத்தா போச்சு?



அரையாண்டுப் பரீட்சை முடிஞ்சு லீவு விட்டாலும் எங்க வீட்டுப் பிள்ளைகளுக்கு லீவு கிடையாது. மார்கழி மாசம், நவரைக்கு நாற்றங்கால் போடுற நேரம். காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள நம் ஊர்களில் பல வீட்டில் தறியும் உண்டு, அரைக்காணி கழனியும் உண்டு. மழைக்காலத்தில் தெருவில் பாவு போட முடியாது, தறிக்குழியில் ஈரம் ஏறிடும். தறிக்காரனும் மண்வெட்டியோட கழனிக்கு வந்துடுவான். பிள்ளைங்க பின்னாடியே வரும்.

போன மார்கழியில் ஆறாவது படிக்கிற என் பேத்தி வந்தாள். விதைநெல்லைச் சாக்கில் கட்டி ஊறப்போட்டது, வைக்கோல் மூடி முளைகட்டினது, நான் அண்டை வெட்ட அவள் சேற்றை மிதிச்சு அமுக்கினது, விதைச்சபிறகு தகர டப்பா தட்டிக் குருவி ஓட்டினது எல்லாத்தையும் நோட்டில் எழுதி வைத்தாள். "வரப்புல நின்னா குளுருது, சேத்துல இறங்கினாதான் தாத்தா கதகதன்னு இருக்கு" என்றாள். ஐம்பது வருஷமா சேத்துல நிக்கிறேன், எனக்கு இது சொல்லத் தோணினதில்லை. ஏரியைப் பத்தி அவள் எழுதினது ஒரே வரி: கடல் மாதிரி இருக்கு, கலங்கல்ல தண்ணி குதிச்சு ஓடுது.

பங்குனியில் மறுபடி வந்தாள். கதிர் பால் பிடிக்கிற சமயம். மதகு வாயில் சேறுதான் இருந்தது. நீர்க்கட்டி கையை விரிச்சுட்டார். கடைமடையில் இருக்கிற எங்க கழனி வெடிச்சுக் கிடந்தது.

"கடல் மாதிரி இருந்துச்சே, எங்க தாத்தா போச்சு?"

விவசாயிகளே, இதுக்கு என்ன பதில் சொல்றது? மழை மேல பழி போட முடியுமா? 2015-ல் வெள்ளத்தில் மிதந்தோம். 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்துக் கருகினோம். நம் மழை எப்பவும் அப்படித்தான். மூணு மாசத்தில் கொட்டுறதைச் சித்திரை வரைக்கும் வெச்சுக்கத்தானே ஏரி வெட்டினாங்க? அந்த ஏரியில் வண்டல் ஏறி மேடாகிக் கிடக்கு. பாதிப் பானை மண்ணு இருந்தா மீதிப் பானைதான் தண்ணி பிடிக்கும். சீக்கிரம் ரொம்புது, கலங்கல் வழியுது, நாமும் கைதட்டிப் பார்த்துட்டு வீட்டுக்குப் போறோம். வழிஞ்சு போனது நம்ம பங்குனித் தண்ணி ஐயா!

உத்திரமேரூர் கோயில் கல்வெட்டைப் பார்த்திருப்பீங்க. 919, 921-ஆம் ஆண்டுகளில் பராந்தக சோழன் காலத்தில் வெட்டினது. ஏரிக்கென்றே ஆறு பேர் கொண்ட வாரியம், குடவோலையில் தேர்வு, 360 நாள் பதவி. கணக்குக் காட்டாதவன் மறுபடி நிக்க முடியாது, அவன் உறவுக்காரனும் முடியாது. எல்லாரும் அதில் சேர முடிஞ்சதில்லை, நிலம் உள்ளவனுக்கும் வேதம் படிச்சவனுக்கும்தான் இடம். அதை நான் மறைக்கலை. ஆனா ஏரிக்குக் கணக்கு கேட்டாங்களா இல்லையா?

இன்னிக்கு ஷட்டர் துருப்பிடிச்சுக் கசியுதுன்னு ஒரு அலுவலகத்தில் மூணு தரம் மனு கொடுத்தேன். மூணாவது தரம், "இந்த ஏரி எங்க பொறுப்பில்லை"ன்னு சொன்னாங்க. முதல் தரமே சொல்லியிருக்கலாம். அதனால் முதலில் இதைத் தெரிஞ்சுக்குங்க: 100 ஏக்கருக்கு மேல் பாசனம் உள்ள ஏரி நீர்வளத்துறையைச் சேர்ந்தது. அதுக்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம்.

சட்டத்துக்குக் குறைச்சலில்லை. ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ல் சட்டம் வந்தாச்சு. 2017-ல் குடிமராமத்து என்று பணமும் ஒதுக்கினாங்க. தாசில்தார் அனுமதியோட விவசாயி இலவசமா வண்டல் எடுத்துக்கலாம்னு 2024-ல் வழி செஞ்சாங்க. இதில் நாம விழிப்பா இருக்கணும். நம்ம பேரில் அனுமதி வாங்கி வேற எங்கேயோ ஓட்டுற லாரிக்கு இடம் கொடுக்காதீங்க. கரையை ஒட்டிப் பள்ளம் பறிச்சா அடுத்த மழைக்குக் கரை நிக்காது.

நாம கேட்கிறது இதுதான். ஏரி காஞ்சு கிடக்கிற வைகாசி, ஆனியில் தூர் வாரணும். ஐப்பசியில் மழை வந்தபிறகு டெண்டர் விடுற கதை வேண்டாம். ஷட்டரும் வரத்துக்கால்வாயும் அதோட சேர்த்துச் சரியாகணும். என்ன வேலை, எவ்வளவு பணம் என்று மதகுப் பக்கம் பலகையில் எழுதி வைக்கணும்.

ஜனவரி 26 கிராம சபைக்கு ஆணும் பெண்ணுமா வாங்க. தீர்மானத்தை நோட்டில் எழுதி முடிக்கிற வரைக்கும் எழுந்திருக்காதீங்க. நகலைக் கையோட வாங்கிட்டு வாங்க.