குப்பியும் வரவில்லை, பணமும் திரும்பவில்லை

கேள்வி: “மேற்கு மாம்பலத்தில் தனியாக இருக்கும் வயதான பெற்றோருக்கு மருந்து, தடுப்பூசி, காப்பீடு என்று சொல்லி அடிக்கடி போன் வருகிறது. கொரோனா நேரத்தில் ஒருமுறை ஏமாந்தும் இருக்கிறார்கள். அவர்கள் மனம் நோகாமல் காப்பாற்ற என்ன வழி?”
– உத்திரமேரூர் பகுதி வாசகர்

பதில்:

கேள்வியோடு வந்த கடிதம் நான்கு பக்கம். இரண்டு பக்கம் நிலக்கடலையில் வரும் வேரழுகல் பற்றியது. அதற்கான பதில் அடுத்த இதழில் வரும். மீதி இரண்டு பக்கத்தில் இருக்கும் விஷயம் வேரழுகலைவிட அவசரமானது.

வாசகரின் தந்தை சென்னையில் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆரிய கௌடா ரோட்டுக்குப் பின்னால் இரண்டு அறை போர்ஷனில் கணவனும் மனைவியும் மட்டும் இருக்கிறார்கள். மகன் ஊரோடு வந்து பூர்வீக நிலத்தைப் பார்க்கிறார். 2021 மே மாதம் அம்மாவுக்குக் கொரோனா. வீட்டுத் தனிமை. 10-ம் தேதியிலிருந்து முழு ஊரடங்கு. மகனால் உடனே கிளம்ப முடியவில்லை. சித்திரையில் பிடுங்கி விற்ற கடலைப் பணத்தில் ஒரு பகுதியை அப்பா கணக்குக்கு அனுப்பி வைத்தார்.

வாட்ஸ்அப் குழுவில் ஒரு நம்பர் வந்தது. ‘ரெம்டெசிவிர் ஸ்டாக் இருக்கிறது, ஆறு குப்பி, முன்பணம் அனுப்பினால் ஒரு மணி நேரத்தில் வீட்டு வாசலில்.’ பெரியவர் 48,000 ரூபாய் அனுப்பினார். அதன் பிறகு அந்த நம்பர் எடுக்கவே இல்லை. அம்மா அந்த ஊசி இல்லாமலே பத்து நாளில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். மகன் கேட்டபோது பெரியவர் சொன்ன பதில்: “ஊசி வாங்கிப் போட்டேன், அதான் பிழைச்சா.” மூன்று வருடம் குடும்பமே அப்படித்தான் நம்பியது. சொந்தக்காரர்களுக்கெல்லாம் அந்த ஊசியைச் சிபாரிசும் செய்தது. பழைய பாஸ்புக்கைப் புரட்டும்போதுதான் உண்மை வெளியே வந்தது.

இதில் பெரியவரை முட்டாள் என்று நினைத்துவிட வேண்டாம். அந்த மாதம் சென்னை இருந்த நிலை அப்படி. ஏப்ரல் 26-ம் தேதி கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரியில் அரசே ரெம்டெசிவிர் விற்கக் கவுன்ட்டர் திறந்தது. ஆறு குப்பி சுமார் 9,400 ரூபாய். டாக்டர் சீட்டு, ஆர்.டி.பி.சி.ஆர். முடிவு, சி.டி. ஸ்கேன், ஆதார் எல்லாம் காட்ட வேண்டும். கூட்டம் தாங்காமல் ராத்திரியெல்லாம் தெருவில் படுத்துக் கிடந்தார்கள். மே 15-ம் தேதி விற்பனை நேரு ஸ்டேடியத்துக்கு மாறியது. அங்கும் அதே நெரிசல். கடைசியில் மே 18-லிருந்து தனியாருக்கு நேரடி விற்பனையை நிறுத்திவிட்டு, மருத்துவமனைகளே இணையத்தில் பதிந்து வாங்கிக்கொள்ளும்படி அரசு மாற்றியது. இப்படிச் சட்டப்படி வரிசையில் நின்றவனுக்கே மருந்து கிடைக்காத இடத்தில், கள்ளச் சந்தை முளைக்காமல் என்ன செய்யும்? யூரியாவுக்குத் தட்டுப்பாடு வந்த பருவத்தில் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியாதா!

பலருக்கு அப்போது தெரியாத செய்தி ஒன்று உண்டு. ரெம்டெசிவிர் வீட்டில் போட்டுக்கொள்ளும் ஊசியே அல்ல. ஆஸ்பத்திரியில், ஆக்ஸிஜன் தேவைப்படும் நோயாளிக்கு, டாக்டர் பார்வையில் நரம்பு வழியாக ஏற்ற வேண்டியது. உலக சுகாதார நிறுவனமோ, 2020 நவம்பரிலேயே இந்த மருந்து உயிரைக் காப்பாற்றுகிறது என்பதற்குப் போதுமான ஆதாரம் இல்லை என்று சொல்லி, அதைப் பரிந்துரைக்க மறுத்திருந்தது. ஆக, வீட்டுத் தனிமையில் இருந்த அந்த அம்மாவுக்குக் குப்பி வந்திருந்தாலும் வேலை இல்லை. வராமல் போனது ஒருவகையில் நல்லது. அதே மே மாதம் குஜராத் போலீஸ் பிடித்த போலிக் குப்பிகளில் இருந்தது குளுக்கோஸும் உப்பும்! டெல்லியில் தீயணைப்பு சிலிண்டருக்குப் பெயின்ட் அடித்து ஆக்ஸிஜன் சிலிண்டர் என்று விற்றவர்களும் பிடிபட்டார்கள்.

விதை வாங்கும்போது நாம் என்ன பார்க்கிறோம்? சான்று விதை என்றால் நீல அட்டை, ஆதார விதை என்றால் வெள்ளை அட்டை. குவியல் எண், பரிசோதனை தேதி, காலாவதி தேதி. எல்லாவற்றுக்கும் மேல் ரசீது. ரசீது இல்லாமல் வாங்கிய விதை முளைக்கவில்லை என்றால் வேளாண் அலுவலகத்தில் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. மருந்துக்கும் இதே கணக்குதான். உரிமம் உள்ள கடை, பேட்ச் எண், காலாவதி, பில். 2023 ஆகஸ்டிலிருந்து அதிகம் விற்கும் 300 மருந்து பிராண்டுகளின் அட்டையில் கியூ.ஆர். கோடு கட்டாயம். போனில் ஸ்கேன் செய்தால் மருந்தின் பெயர், தயாரித்த கம்பெனி, பேட்ச் எண் வரும். அட்டையில் அச்சடித்திருப்பதோடு அது பொருந்த வேண்டும்.

லேபிளை மட்டும் நம்பினாலும் ஆபத்து உண்டு. 2021 ஜூனில் கொல்கத்தாவில் ஒருவர் ஐ.ஏ.எஸ். அதிகாரி என்று சொல்லிக்கொண்டு தடுப்பூசி முகாமே நடத்தினார். ஒரு எம்.பி.கூட அங்கே ஊசி போட்டுக்கொண்டார். ஊசி போட்டதற்கான குறுஞ்செய்தி போனுக்கு வரவில்லையே என்று அவர் கேட்டதில்தான் குட்டு உடைந்தது. குப்பியின் மேல் ஒட்டியிருந்த தடுப்பூசி லேபிளை உரித்தால், அடியில் வேறொரு ஆன்டிபயாடிக் மருந்தின் பெயர். அதற்கு முந்தைய மாதம் மும்பை காந்திவலியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் 390 பேரிடம் ஆளுக்கு 1,260 ரூபாய் வாங்கி முகாம் நடத்தியிருக்கிறார்கள். சான்றிதழ் வெவ்வேறு மருத்துவமனைகளின் பெயரில் வந்தது. படித்தவர்கள், வசதியானவர்கள் வாழும் இடம் அது.

2022 ஜனவரி 10-ம் தேதி 60 வயதைத் தாண்டிய, இணைநோய் உள்ளவர்களுக்கு மூன்றாவது தவணை தொடங்கியது. உடனே அடுத்த வித்தை வந்தது. ‘ரெண்டு டோஸ் போட்டாச்சா ஐயா? பூஸ்டருக்குப் பதிவு செய்கிறோம், உங்கள் போனுக்கு வந்த ஓ.டி.பி. சொல்லுங்கள்.’ சில சமயம் முதல் இரண்டு ஊசி போட்ட தேதியையும் அவர்களே சரியாகச் சொன்னார்கள். தேதி சரியாக இருந்ததால் பெரியவர்கள் நம்பினார்கள். அந்த ஓ.டி.பி. தடுப்பூசிக்கானதல்ல, வங்கிக் கணக்குக்கானது. உண்மையில் யாரும் போன் செய்து பூஸ்டர் பதிவு செய்யவில்லை. மையத்துக்கு நேரில் போனாலே போதுமாக இருந்தது.

ஒவ்வொரு காய்ச்சல் பருவத்திலும் இந்த வித்தைகள் பெயர் மாறித் திரும்பி வருகின்றன. இப்போது காப்பீட்டு அட்டை, இலவச முழு உடல் பரிசோதனை, ‘உங்கள் ஓய்வூதியம் நின்றுவிடும்’ என்ற மிரட்டல். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்குப் போனில் பணம் வாங்கிக்கொண்டு யாரும் அட்டை தருவதில்லை. வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு நேரில் பதிவு செய்ய வேண்டிய விஷயம். சந்தேகம் இருந்தால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு வந்து சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை தருபவர்களும் காசு கேட்க மாட்டார்கள். கேட்டால் அவர் அந்த ஆள் இல்லை.

மேற்கு மாம்பலத்தில் பெரியவர்களுக்கு ஒரு வசதி உண்டு. தெருவுக்குத் தெரு மருந்துக்கடை, பல வருடமாக ஒரே டாக்டர், லேக் வியூ ரோட்டில் 1950-களிலிருந்து நடக்கும் பப்ளிக் ஹெல்த் சென்டர் என்று நடந்தே போய்ப் பார்க்கக்கூடிய மனிதர்கள் சுற்றிலும் இருக்கிறார்கள். (அந்த ரோட்டின் பெயரில் மட்டும்தான் இப்போது ஏரி இருக்கிறது. ஏரியைத் தூர்த்துத்தான் 1920-களில் தியாகராய நகரைக் கட்டினார்கள். ஆயக்கட்டு என்ன ஆனது என்று கேட்க ஆள் இல்லை.) ஏமாற்றுக்காரன் முதலில் செய்வது இந்த முகம் தெரிந்த மனிதர்களிடமிருந்து பெரியவரைப் பிரிப்பதுதான். ‘போனை வைக்காதீர்கள், யாரிடமும் சொல்லாதீர்கள், இன்னும் பத்து நிமிடத்தில் ஸ்டாக் முடிந்துவிடும்.’ இந்த மூன்றில் ஒன்று காதில் விழுந்தாலும் போனை வைத்துவிட்டுத் தெரு முனை மருந்துக்கடைக்காரரிடம் போய்க் கேட்டால் போதும். 2021-ல் அந்தப் பெரியவர் கேட்டிருந்தால், “இது வீட்டுல போடுற ஊசி இல்ல சார்” என்று அவர் சொல்லியிருப்பார்.

இனி மகன் செய்ய வேண்டியது. ‘இனிமேல் நீங்கள் போனைத் தொடாதீர்கள்’ என்று தந்தையிடம் சொல்வது ஒன்றுக்கும் உதவாது. அடுத்த முறை ஏமாந்தாலும் அவர் மறைத்துவிடுவார். மூன்று வருடம் மறைத்ததற்குக் காரணமே அவமானம்தான். வாசகர் தன் கடிதத்தில், போன தைப் பட்டத்தில் ரசீது இல்லாமல் வாங்கிய மிளகாய் விதையில் பாதி முளைக்கவில்லை என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறார். அதை அப்பாவிடம் சொன்னாரா என்று தெரியவில்லை. முதலில் அதைச் சொல்லட்டும். மகனும் ஏமாந்திருக்கிறான் என்று தெரிந்தால் அப்பாவுக்குப் பேச்சு வரும்.

பிறகு இருவருமாக வங்கிக்குப் போகலாம். ஓய்வூதியம் வரும் கணக்கைப் போனில் இணைக்காமல் விட்டு, மாதச் செலவுக்கான தொகை மட்டும் இருக்கும் இரண்டாவது கணக்கை யு.பி.ஐ.யில் இணைப்பது நல்லது. அப்போது எந்தத் தவறு நடந்தாலும் இழப்பு அந்த மாதச் செலவோடு நிற்கும். ஒரு நாளில் அனுப்பக்கூடிய தொகையின் வரம்பையும் குறைத்துக்கொள்ளலாம். வைப்புத்தொகையை ஆன்லைனில் உடைக்க முடியாதபடி வைக்க வழி உண்டா என்று கிளையில் கேளுங்கள். தெரியாதவர் சொல்லி எந்த ஆப்பையும் போனில் ஏற்றக் கூடாது. சில ஆப்கள் உங்கள் திரையை அப்படியே எதிராளிக்குக் காட்டிவிடும். யு.பி.ஐ. ரகசிய எண்ணைத் தட்டுவது பணம் அனுப்ப மட்டுமே. பணம் வருவதற்கு அது தேவையே இல்லை. காப்பீட்டுப் பணம் வருகிறது, ரகசிய எண்ணைத் தட்டுங்கள் என்று ஒருவன் சொன்னால் அது உங்கள் பணம் போகும் வழி.

போன் பக்கத்துச் சுவரில் பெரிய எழுத்தில் ஒரு தாள் ஒட்டுங்கள். வழக்கமான டாக்டர், மருந்துக்கடை, மகன், பக்கத்து வீட்டுக்காரர், ஆம்புலன்ஸ் 108, மருத்துவ ஆலோசனைக்கு 104, முதியோர் உதவிக்கு 14567, பண மோசடிக்கு 1930. ஆஸ்பத்திரி எண்ணை அவசரத்தில் இணையத்தில் தேடக் கூடாது. போலி எண்கள் அங்கேதான் காத்திருக்கின்றன. பழைய பில்லில் அச்சடித்த எண்ணைப் பார்த்துத் தாளில் எழுதிவிடுங்கள்.

பணம் போய்விட்டால் யாரைத் திட்டுவது என்று யோசிக்காமல் 1930-க்குக் கூப்பிடுங்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும். முதல் ஓரிரு மணி நேரத்தில் சொன்னால், வழியில் எங்காவது அதை முடக்க வாய்ப்பு உண்டு. அடுத்த நாள் என்றால் அநேகமாக ஏ.டி.எம். வழியாக வெளியே போயிருக்கும். வங்கிக்கும் அன்றே எழுத்தில் தெரிவியுங்கள். உங்கள் தவறில்லாமல் பணம் போய், மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால், இழப்பு உங்களுடையதல்ல என்பது ரிசர்வ் வங்கியின் 2017 விதி. ஓ.டி.பி.யை நீங்களே சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போன பணம் உங்கள் தலையில்தான். தெரிவித்த பிறகு போனால் வங்கியின் பொறுப்பு. அதனால்தான் நிமிடங்களுக்குக் கணக்கு.

2021-ல் போன 48,000 பற்றியும் வாசகர் கேட்டிருக்கிறார். பணம் திரும்பும் என்று நம்பிக்கை தர முடியாது. புகார் கொடுக்கக் காலம் கடந்துவிடவில்லை. அன்றைய இந்திய தண்டனைச் சட்டம் 420-ம் பிரிவின்படி மோசடிக்கு ஏழு ஆண்டு வரை தண்டனை உண்டு. மூன்று ஆண்டுக்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களுக்குச் சட்டத்தில் காலக்கெடு கிடையாது. பணம் போன தேதி தெரியும் பாஸ்புக் பக்கம், அனுப்பிய கணக்கு அல்லது யு.பி.ஐ. முகவரி, அந்த நம்பர், வாட்ஸ்அப் செய்தி இருந்தால் அதன் படம், இவற்றோடு சைபர் கிரைம் இணையதளத்திலோ, பக்கத்துக் காவல் நிலையத்திலோ கொடுக்கலாம். புகாரைப் பெரியவரே தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். மகன் கூடப் போனால் போதும்.