பட்டைத் தேநீர்: மணமா, மருந்தா?



நோன்புக் கஞ்சியானாலும் வலீமா விருந்தானாலும் பட்டையின்றி நம் அடுப்படி மணப்பதில்லை. கோவளத்திலும் அப்படித்தான். இப்போது அந்தப் பட்டைக்குப் புதியதொரு பெருமை வந்திருக்கிறது. அதைத் தேநீராகக் காய்ச்சியோ மாவாக அரைத்தோ தினமும் உட்கொண்டால் சர்க்கரை நோய் அகலும், மாத்திரை வேண்டாம் என்ற செய்தி கைப்பேசிக்குக் கைப்பேசி பரவுகிறது. இதன் உண்மையை ஆராய்வது நம் கடமையன்றோ?

பட்டையோடு நமக்குள்ள உறவு நேற்று வந்ததன்று. 1344இல் இலங்கையின் புத்தளத்தில் இறங்கிய பயணி இப்னு பதூதா, வெள்ளம் அடித்து வந்த கறுவா மரங்கள் கரையில் குன்றுகளாய்க் கிடந்ததைக் கண்டார். மஅபர், மலபார் மக்கள் அவற்றை விலையின்றி எடுத்துச் சென்று, மன்னருக்குத் துணிமணிகளை அன்பளிப்பாக வழங்கினர் என்றும் குறித்தார். மஅபர் என்பது நம் சோழமண்டலக் கரைக்கு அரபியர் இட்ட பெயர்.

சரி, பட்டையில் சத்து எவ்வளவு? 100 கிராம் தூளில் ஏறத்தாழ 53 கிராம் நார்ச்சத்தும் 1000 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்தும் உள்ளன. கேட்பதற்குப் பெரிதுதான். ஆனால் நாம் சேர்ப்பதோ ஒரு தேக்கரண்டி, அதாவது இரண்டரை கிராம். அதில் கிடைக்கும் சுண்ணாம்புச் சத்து 25 மில்லிகிராம் அளவே. ஒரு தம்ளர் பாலில் அதைப்போல் எட்டு மடங்குக்கு மேல் உண்டு. வடிகட்டிய தேநீரில் இந்தச் சொற்பமும் முழுதாய் இறங்காது. 1866 முதல் 1868 வரை பின்லாந்தைப் பஞ்சம் வாட்டியபோது, மக்கள் பைன் மரத்தின் உட்பட்டையை இடித்து ரொட்டி மாவில் கலந்து உண்டனர். பசி அவர்களை அந்நிலைக்குத் தள்ளியது. மரப்பட்டையின் பெரும்பகுதி நம் குடல் செரிக்க இயலாத நாராகும்.

சர்க்கரையைக் குறைக்கும் என்பது? 2003இல் பாகிஸ்தானில் 60 நோயாளிகளுக்கு 40 நாட்கள் பட்டை கொடுத்து நடத்திய ஆய்வு நல்ல பலன் கூறியது உண்மையே. ஆயினும் 577 பேர் பங்கேற்ற பத்து ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் காக்ரேன் அமைப்பு மதிப்பிட்டபோது, சர்க்கரை நோய்க்குப் பட்டையைப் பரிந்துரைக்கப் போதிய சான்றில்லை என்றே முடிந்தது.

இன்னுமொன்று. கடையில் விற்பது இருவகை. இலங்கைக் கறுவா, மெல்லிய பல அடுக்குகள் சுருண்டு, எளிதில் நொறுங்கும். சீனப் பட்டை தடித்து, கடினமாக, ஒற்றைத் தோலாய் வளைந்திருக்கும். பின்னதில் கூமரின் என்னும் பொருள் மிகுதி. அளவு மீறித் தொடர்ந்தால் சிலருக்கு அது கல்லீரலைப் பாதிக்கும். 60 கிலோ எடையுள்ளவர் சீனப் பட்டையை நாள்தோறும் உண்பதாயின் 2 கிராமுக்கு மேல் வேண்டாம் என்கிறது ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம். 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அரை கிராம்தான் எல்லை. தூளாக்கிய பின் எது எதுவெனக் கண்ணால் அறிய முடியாது. ஆகவே முழுப் பட்டையாகப் பார்த்து வாங்குங்கள். கல்லீரல் நோயாளிகளும் இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போரும் மருத்துவரைக் கேளாமல் இவ்வழக்கத்தைத் தொடங்க வேண்டாம்.

2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுப்படி, தமிழ்நாட்டில் வயது வந்தோரில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல் சர்க்கரை நோய் உள்ளது. நம் வீடுகளும் இதற்கு விலக்கல்ல. மாத்திரையை நிறுத்திய நாளில் உடம்பு ஒன்றும் சொல்லாது. பின்னர் கண்ணும் சிறுநீரகமும் பாதமும் சொல்லும்போது காலம் கடந்திருக்கும்.

நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளுமாறு பணித்தவர்கள் நம் நபிகள் நாயகம் (ஸல்). மருத்துவம் அறியாதவர் வைத்தியம் செய்து தீங்கு நேர்ந்தால், அவரே அதற்குப் பொறுப்பாவார் என்றும் கற்பித்தார்கள். அறியாத மருந்துச் செய்தியை அடுத்தவருக்கு அனுப்பும் முன் இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டாமா?

சகோதரிகளே, பட்டைத் தேநீரை மணத்துக்காகப் பருகுங்கள், தடையில்லை. ஆனால் மாத்திரையின் இடத்தில் அதை வைக்காதீர்கள். உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைப் பேணி நடக்க வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.